கடல் பக்கம் திறக்கும் கதவு

“...அதனால, கடலு வந்து தட்டிப் பாக்கட்டும்ணே. தொறந்துச்சுன்னா பொழுது சாயறதுக்குள்ள எங்க கொழுந்தனாருக்குச் சரின்னு சொல்லிடுறேன், எறாலோ கிறாலோ உட்டுக்கட்டும். தொறக்கலன்னா, நீங்க யாரும் என்னை ஒண்ணும் கேக்க வேணாம்.”

தீபாவளிக்கு மறுநாள் காலையில், வரப்பில் நின்றபடி தங்கச்சி இதைச் சொன்னாள். கூடப் பிறந்தவள் இல்லை. ஆனால் முதல் நாளே என்னை அண்ணே என்று கூப்பிட்டுவிட்டாள், அப்புறம் நான் வேறு என்ன சொல்லிக் கூப்பிடுவது. அவளுக்கு முன்னால் ஒரு பழைய செங்கல் மதகு. மதகுக்கு அந்தப் பக்கம் கடலிலிருந்து வரும் உப்பங்கழி, இந்தப் பக்கம் அவளுடைய நிலம், ஒரு காணிக்கும் குறைவு. இரண்டுக்கும் நடுவில் ஒரு மரக்கதவு. அந்தக் கதவை நாங்கள்தான் போட்டோம். ஒரு முறை போட்டு, அவமானப்பட்டு, மறுமுறை போட்டோம்.

நாங்கள் என்றால் பெரிய கூட்டம் என்று நினைக்க வேண்டாம். கடலூர் முதுநகரில் எனக்கு ஒரு சைக்கிள் கடை. மாதா கோயிலில் ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து வெளியே டீ குடிக்கிற இடத்தில் பேச ஆரம்பித்தவர்கள் நாங்கள். வெயில் ஏன் இப்படிக் கொளுத்துகிறது, மழை ஏன் ஒரே நாளில் கொட்டிவிட்டுப் போய்விடுகிறது, புயலுக்குப் பிறகு முருங்கை கூட ஏன் பழையபடி வரவில்லை என்று பேசிப் பேசி வாய் வலித்தது. எங்கள் கோயில் பங்கில் ஒரு தச்சர் இருக்கிறார். ஒருநாள் டீக் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, வாயால தச்சு வேலை செஞ்ச ஆள நான் பாத்ததே இல்லப்பா என்றார். அன்றைக்குப் பேச்சு நின்றது, வேலை ஆரம்பித்தது. எங்களுக்குப் பெயர் கிடையாது, பேனர் கிடையாது. ஒன்றைச் செய்து பார்ப்போம், சரிப்பட்டால் நாலு பேருக்குச் சொல்வோம், அவ்வளவுதான்.

முதலில் செய்து பார்த்தது சிதம்பரத்தில். கோயிலைச் சுற்றியுள்ள வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் மெஸ் நடத்துகிறவர் தச்சருக்குப் பழக்கம். ஒருவர் கோயில் மணி கேட்டு எழுகிறவர், ஒருவர் மாதா கோயில் மணி கேட்டு எழுகிறவர். இருந்தாலும் மெஸ்காரர் அவரை மாமா என்பார், அவர் இவரை மச்சான் என்பார். மெஸ்ஸின் கூரை ஓட்டுக்கூரை மாதிரி தெரிந்தாலும் அது அஸ்பெஸ்டாஸ். சித்திரை மாதத்தில் உள்ளே உட்கார்ந்தால் சாம்பார் ஆறவே ஆறாது. அதன் மேல் சுண்ணாம்பு அடித்து வெள்ளையாக்கினால் சூடு குறையும் என்று அடித்தோம். குறைந்தது. சாப்பிட வந்தவர்கள் மேலே ஏசி போட்டிருக்கீங்களா என்று கேட்டார்கள். கோடை மழை ஒன்று வந்தது, சுண்ணாம்பு முழுவதும் வடிந்து பக்கத்து வீட்டுக்காரரின் கறுப்பு ஸ்கூட்டரில் இறங்கியது. கூரைக்கு அடிச்சா ஸ்கூட்டருக்குக் குளுருது என்றார் மெஸ்காரர். பிறகு புளித்த சோற்றுக் கஞ்சியைக் கலந்து அடித்தோம். பிடித்துக்கொண்டது.

அப்படிக் கூரைமேல் நின்றுகொண்டிருந்த ஒருநாள்தான் தங்கச்சி கீழே சந்தில் வந்து நின்றாள். முன்பெல்லாம் அந்த மெஸ்ஸுக்குத் தன் நிலத்து அரிசியைக் கொண்டுவந்து கொடுத்தவள். வீட்டுக்காரர் இறந்து சில வருஷம் ஆகிறது. நிலம் உப்பாகிப் போனதால் இப்போது ஷெட்டில் எறால் உரிக்கப் போகிறாள். தலையை அண்ணாந்து, கூரைக்கு வைத்தியம் பாக்குறீங்களே, நெலத்துக்குப் பாப்பீங்களா என்று கேட்டாள். அந்தக் கேள்விக்கு ஏணியில் நின்றுகொண்டு பதில் சொல்ல முடியாது. இறங்கினோம்.

சிதம்பரத்துக்குக் கிழக்கே, கழி ஓரத்தில் இருந்தது அந்த நிலம். மழை வெள்ளம் வடிவதற்காக யாரோ எந்தக் காலத்திலோ கட்டிய மதகு. அடைக்கிற பலகை போய்விட்டது, வெறும் வாய் மட்டும் இருக்கிறது. மதகின் கீழ்ப் படிக்கல்லைக் காலால் தடவிக் காட்டினாள். கல்யாணமாகி வந்த புதிதில் அதில் உட்கார்ந்துதான் கால் கழுவுவாளாம். நாங்கள் போனபோது அது தண்ணீருக்குள் இருந்தது. கடல் ஏறுகிறது என்று நான் நூலகத்தில் எத்தனையோ படித்திருக்கிறேன். ஒரு பெண் கால் கழுவ உட்கார்ந்த கல் தண்ணீருக்குள் கிடப்பதைப் பார்த்தபோதுதான் எனக்கு அது உறைத்தது.

மதகை மண்ணும் வைக்கோலும் வைத்து அடைத்தால் மழைத் தண்ணீர் வடியாமல் பயிர் அழுகிவிடும். திறந்துவிட்டால் அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் கழி பொங்கி உள்ளே வந்து உப்பில் பயிர் கருகிவிடும். இதை அவள் நாலே சொல்லில் சொன்னாள்: அடைச்சா அழுவுது, தொறந்தா கருவுது. போன வருஷமும் அதற்கு முந்தின வருஷமும் தீபாவளி அமாவாசைத் தண்ணீர்தான் நாற்றைக் கொண்டுபோனது. இதற்கிடையில் கொழுந்தனார் தன் நிலத்தோடு இதையும் சேர்த்து எறால் குட்டை வெட்டலாம் என்று கேட்டுக்கொண்டிருந்தார். கெட்டவர் இல்லை. தன் நிலம் வெளுத்துப்போன பிறகு வேறு வழி தெரியாதவர். தீபாவளி வரைக்கும் பொறுக்கிறேன் அண்ணி என்று சொல்லியிருந்தார். ஒருமுறை குட்டை வெட்டிவிட்டால் அப்புறம் அது நெல் பார்க்காது, பக்கத்து நிலமும் பார்க்காது. இது அவருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

“அடுத்தவன் எறால உரிச்சே என் வெரல் நுனி போச்சுண்ணே. என் நெலத்துலயும் அதுவேவா?” என்று விரல்களை விரித்துக் காட்டினாள். வெந்நீரில் ஊறிய மாதிரி இருந்தன.

எங்களில் யாரோ ஒருவர் போனில் பார்த்திருந்தார்: வெளிநாட்டில் ஏதோ ஒரு கரையில், தானாகத் திறந்து தானாக மூடுகிற கதவு. உள்ளே இருக்கிற வெள்ளம் தள்ளினால் திறக்கும், வெளியே இருந்து கடல் தள்ளினால் மூடிக்கொள்ளும். கரண்டு வேண்டாம், ஆள் வேண்டாம். தொண்டைக்குள்ள உள்நாக்கு மாதிரியா என்று கேட்டுப் புரிந்துகொண்டாள் தங்கச்சி.

கதவுக்கு மரம் வேண்டுமே. எங்கள் கோயிலைப் புதுப்பிக்கும்போது சாமியாரிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்கிற பழைய பாவசங்கீர்த்தனத் தொட்டியைக் கழற்றி ஒரு மூலையில் போட்டிருந்தார்கள். அதன் அரைக் கதவு நல்ல தேக்கு. பங்குச் சாமியாரிடம் கேட்டோம். எதற்கு என்றார், சொன்னோம், கொஞ்ச நேரம் சிரித்துவிட்டு எடுத்துக்கொள்ளச் சொன்னார். இத்தினி வருஷமா ஊர்ப் பாவத்தக் கேட்டுச்சு, இனிமே கடலோட பாவத்தக் கேக்கட்டும் என்று தச்சர் அதைத் தோளில் தூக்கிக்கொண்டார். கடலூரிலிருந்து சிதம்பரம் பஸ்ஸில் அதற்கு லக்கேஜ் போட்டுக் கொண்டுபோனோம். கண்டக்டர் விவரம் கேட்டுவிட்டு, கடைசி வரைக்கும் அந்தக் கதவைக் காலால் இடிக்காமல் நடந்தார்.

வேலைக்கு நாங்கள் தேர்ந்தெடுத்தது ஞாயிற்றுக்கிழமை. அதுதான் எல்லோருக்கும் லீவு. முதல் ஞாயிறு போனால் மதகு முழுகிக் கிடக்கிறது. அடுத்த ஞாயிறு போனால் முட்டிவரை சேறு, அதற்கு மேல் தண்ணீர். மெஸ்காரர் கல்லாப் பெட்டியிலிருந்து பஞ்சாங்கத்தை எடுத்துப் புரட்டினார்.

“கடலுக்கு ஞாயித்துக்கெழம கெடையாது மாமா. அது திதிதான் பாக்கும்” என்றார்.

அதன் பிறகு எங்கள் லீவு நாளை நிலா முடிவு செய்தது. செவ்வாய்க்கிழமை என்றாலும் வெள்ளிக்கிழமை என்றாலும் ஆட்கள் வந்தார்கள். ஒரு தையல்காரர் தீபாவளித் துணிகளை மேசையில் குவித்துப் போட்டுவிட்டுச் சேற்றில் இறங்கினார். வடலூர் அடுப்பு அணைஞ்சாலும் அணையும், இந்த மனுசன் அணைய மாட்டார் என்று மெஸ்காரரைப் பற்றிச் சொல்வார்கள். அப்படிக் காலை இட்லி முடித்த கையோடு சட்டியும் சாமானுமாக வந்துவிடுவார். யாரும் யாரையும் கூப்பிடவில்லை. எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம் அதுதான். சொந்த வீட்டு ஓட்டை அடைக்க நாள் பார்க்கிற மனிதர்கள், யாரோ ஒருத்தியின் மதகு வாயை அடைக்க வேலையை விட்டுவிட்டு வந்தார்கள்.

ஆவணிப் பௌர்ணமிக்கு முந்தின நாள் கதவு மாட்டினோம். மாட்டினோம் என்று சாதாரணமாகச் சொல்லக்கூடாது. வீட்டுக்கு நிலை வைப்பது போலவே செய்தோம். தச்சர் நிலைச் சட்டத்தைச் செங்கலோடு இறுக்கினார். தங்கச்சி மஞ்சள் தடவிப் பொட்டு வைத்து, அடியில் நவதானியம் போட்டு, மாவிலை கட்டிச் சூடம் காட்டினாள். தச்சர் பாக்கெட்டிலிருந்து ஒரு சின்ன பாட்டிலை எடுத்து மந்திரித்த தீர்த்தத்தைத் தெளித்துச் சிலுவை போட்டார். எந்தப் பக்கம் திறக்கிற மாதிரி வைக்கலாம் என்று ஒரு பேச்சுக்குக் கூட யாரும் கேட்கவில்லை. வாசல் கதவு உள்பக்கம்தான் திறக்க வேண்டும். வெளிப்பக்கம் திறந்தால் வீட்டிலிருக்கிறது எல்லாம் வெளியே போய்விடும். இந்து வீடானாலும் கிறிஸ்தவ வீடானாலும் எங்கள் பக்கத்தில் பிறந்த பிள்ளைக்குக் கூடத் தெரிந்த சங்கதி இது. கதவு உள்பக்கமாக, நிலத்தைப் பார்த்து, வெண்ணெய் மாதிரி திறந்தது. கைதட்டினோம்.

மறுநாள் அல்ல, அதற்கும் மறுநாள் காலையில் போனோம். தூரத்திலிருந்து பார்க்கும்போதே அந்த நிலத்தில் வானம் கிடந்தது. மேகம், ஒரு கொக்கு, ஒரு தென்னை மரம் தலைகீழாக. பார்க்க அவ்வளவு அழகு. கிட்டே போகப் போகத்தான் புரிந்தது. அத்தனையும் கடல் தண்ணீர். கழி ஏறும்போது கதவைத் தள்ளித் திறந்து உள்ளே வந்திருக்கிறது. வெளியே இறங்கும்போது உள்ளே இருந்த தண்ணீர் கதவைத் தள்ளி நிலையோடு சாத்திவிட்டது. வந்த விருந்தாளி திரும்பிப் போக முடியாமல் உட்கார்ந்திருந்தார். மடவை மீன் துள்ளிக்கொண்டிருந்தது.

கொழுந்தனார் வரப்பில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். “நான் குட்ட வெட்டலாம்னுதான் சொன்னேன் அண்ணி. இவுங்க கதவே போட்டு மீன உள்ள கூட்டியாந்துட்டாங்க” என்றார். சரியாகத்தானே சொன்னார்.

தச்சர் தண்ணீரில் இறங்கிக் கதவை இழுத்தும் தள்ளியும் பார்த்தார். தங்கச்சி அழுவாள் என்று நான் பயந்தேன். அவள் அழவில்லை. கதவையும் கழியையும் மாறி மாறிப் பார்த்தாள். தச்சர்தான் பேசினார்.

“நாப்பது வருசமா கதவு செய்றேன்மா. எல்லாம் உள்ள வர்றவங்களுக்காகச் செஞ்சது. வெளிய போறவங்களுக்குன்னு ஒரு கதவு நான் செஞ்சதே இல்ல.”

“அப்ப இது மொதக் கதவா இருக்கட்டும்ணே” என்றாள் அவள். “வீட்டுக்குத்தான் வெளிய தொறக்கக் கூடாது. உப்பு போவணும்னா தொறக்கலாம்.”

சூடம் காட்டி உள்பக்கம் வைத்தது அவளும் சேர்ந்துதான். மாற்றச் சொல்லும் வாய் அவளுடையதாக இருந்ததால் எங்களுக்குக் கை ஓடியது. அன்றைக்கே கீல்களைக் கழற்றினோம். நிலையை உடைத்துத் திருப்பி வைத்து, கதவைக் கழிப் பக்கம் திறக்கிற மாதிரி மாட்டினோம். என் கடையில் பஞ்சர் ஒட்ட வைத்திருந்த லாரி டியூப் ரப்பரைக் கொண்டுபோய் விளிம்பு முழுவதும் அறைந்தோம். இந்த முறை மாவிலை கட்டவில்லை. தச்சர் மட்டும் யாருக்கும் தெரியாமல் ஒரு சிலுவை போட்டார். நான் பார்த்தேன். சொன்னால் கிண்டல் செய்வார்களே என்று பேசாமல் இருந்துவிட்டேன்.

உப்புத் தண்ணீர் வடிந்துவிட்டது, ஆனால் உப்பு வடியவில்லை. வெயில் ஏற ஏற நிலம் வெள்ளை பூத்தது. விரலால் தொட்டு நாக்கில் வைத்தால் ஊறுகாய். நாங்கள் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டிருக்க, அவள் ஒரு பழமொழியை எடுத்து எங்கள் முன்னால் வைத்தாள். உப்பத் தின்னவன் தண்ணி குடிச்சுத்தானே ஆவணும், நெலமும் குடிக்கட்டும் என்றாள். மழைக்குக் காத்திருந்தோம்.

புரட்டாசி கடைசியில் மழை பிடித்தது. அதிலிருந்து ஒரே வேலை. மழைத் தண்ணீரை வரப்பு உயரம் தேக்குவோம், உள்பக்கம் ஒரு பலகையைச் செருகி நிறுத்திவைப்போம். மண்ணைக் காலால் கலக்குவோம். கழி வற்றும் நேரம் பார்த்துப் பலகையை உருவினால், கதவு தானே திறந்து கலங்கல் தண்ணீர் உப்போடு வெளியே பாயும். கழி ஏறினால் தானே சாத்திக்கொள்ளும். மறுபடி மழை, மறுபடி தேக்கல். உப்பு போயிருக்கிறதா என்று தெரிந்துகொள்ள எங்களிடம் கருவி கிடையாது. அவள் குளிக்கிற சோப்பைக் கொண்டுவந்து நிலத்துத் தண்ணீரில் கையைத் தேய்ப்பாள். உப்புத் தண்ணீரில் நுரை வராது, தயிர் மாதிரி திரிந்துவிடும். முதல் நாட்களில் நுரையே இல்லை. பிறகு ஓரத்தில் கொஞ்சம். ஒருநாள் மழை விட்ட வெயிலில் அவள் இரண்டு கையையும் உயர்த்திக் காட்டினாள். முழங்கை வரைக்கும் நுரை. மெஸ்காரர் அந்த நுரையை வாங்கித் தன் முகத்தில் தடவிக்கொண்டு, வயல்ல ஷேவிங் பண்ணுன மொத ஆள் நான்தான் மாமா என்றார்.

ஆனாலும் அவள் விதைக்கவில்லை. உவர் தாங்கும் குழியடிச்சான் விதை வாங்கி வைத்தாயிற்று, நாற்றங்காலுக்கு ஒரு மூலையை உழுது சேறாக்கியாயிற்று. தீபாவளி அமாவாசை போகட்டும் என்று ஒரே பேச்சு. மற்ற நாள் தண்ணீரைக் கதவு தடுத்ததெல்லாம் சரி, ஆனால் நாற்றைக் கொண்டுபோனது அந்தத் தண்ணீர்தானே. வயலில் எந்த வேலை செய்தாலும் அவள் முகம் கிழக்கேதான் இருக்கும். சேறு கலக்கும்போதும் பேசும்போதும் ஒரு கண் கடல் மேல். எப்போது வருமோ என்று வாசலைப் பார்த்துக்கொண்டே சோறு தின்கிறவர்கள் உண்டே, அப்படி.

ஆக, அந்தக் காலை. தீபாவளிக்கு மறுநாள். முந்தின நாளிலிருந்து கிழக்குக் காற்று வேறு. விடிந்ததும் வந்துவிட்டோம். கொழுந்தனாரும் வந்திருந்தார், பதில் வாங்க. ஆளுக்கொரு அதிரசம் கையில். அவள் அந்த வார்த்தையைச் சொல்லிவிட்டுக் கடலைப் பார்த்து நின்றாள்.

கழி அப்போது வற்றி முடியப்போகிற நேரம். ஊரில் வெடித்த பட்டாசுக் காகிதமெல்லாம் வாய்க்கால் வழியாக வந்து, சிவப்புச் சிவப்பாகக் கடலை நோக்கி மிதந்து போய்க்கொண்டிருந்தது. எங்கள் கதவு ஒரு முழம் திறந்து, நிலத்துத் தண்ணீரை மெல்ல விட்டுக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் அந்தக் காகிதங்கள் நின்றன. அப்படியே, நடுத் தண்ணீரில், ஒன்றும் அசையாமல். பிறகு ஒவ்வொன்றாக எங்கள் பக்கம் திரும்பின.

கடல் வருவதைப் பார்க்க வேண்டும் என்றால் அலையைப் பார்க்கக் கூடாது, இப்படி ஒரு கழியில் நின்று காகிதத்தைப் பார்க்க வேண்டும் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். சத்தமே இல்லை. அத்தனை பெரிய கடல், எங்கோ நிலா இழுக்க, ஒரு பெண்ணின் காணி நிலத்தைத் தேடி வாய்க்கால் வாய்க்காலாக நடந்து வருகிறது. வந்து கதவைத் தொட்டது. கதவு அசைந்தது. வெளியே போன பிள்ளை வீட்டுக்குள் வந்து பின்னால் கதவைச் சாத்துவது போல, நிதானமாக வந்து நிலையில் பொருந்தியது. “டப்” என்று ஒரு சின்ன சத்தம். பாவசங்கீர்த்தனத் தொட்டியில் அந்தக் கதவு சாத்தும்போதும் இதே சத்தம்தான் கேட்கும். சின்ன வயதிலிருந்து எனக்குத் தெரியும்.

தண்ணீர் ஏறியது. படிக்கல் எப்போதோ முழுகிவிட்டது. கதவில் பாதி, அதற்கும் மேலே. நாங்கள் எல்லோரும் விளிம்பையே பார்த்துக்கொண்டிருந்தோம். ரப்பர் ஓரம் ஒரு இடத்தில் மட்டும் வேர்வை மாதிரி கசிந்தது, அதற்கு மேல் ஒன்றும் இல்லை. நான் கரைமேல் ஏறி நின்று பார்த்தேன். இந்தப் பக்கம் இறங்கினால் கணுக்கால் நனையும். அந்தப் பக்கம் இறங்கினால் இடுப்பு. நடுவில் இரண்டு விரல்கடைத் தேக்கு. தச்சர் கையிலிருந்த அதிரசத்தைக் கடிக்கவே இல்லை. வாயில் விரலை வைத்துக்கொண்டு, தான் செய்த கதவை வேறு யாரோ செய்த கதவு மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார். கொழுந்தனார் குனிந்து, நிலத்துத் தண்ணீரைக் கையில் அள்ளி நாக்கில் வைத்தார். இன்னொரு முறை அள்ளி வைத்தார். பிறகு துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு, எங்களோடு வந்து நின்றுகொண்டார்.

வெயில் ஏறிய பிறகு காகிதங்கள் மறுபடி நின்றன. மறுபடி கடல் பக்கம் திரும்பின. கதவு ஒரு விரல் திறந்தது, அப்புறம் ஒரு சாண்.

திரும்பிப் பார்த்தால் தங்கச்சியைக் காணவில்லை. தெருப் பக்கம் அவள் போவது தெரிந்தது. என்ன சொல்லப் போகிறாளோ என்று மெஸ்காரர் என்னைப் பார்த்தார். ஒன்றும் கேட்க வேண்டாம் என்றுதானே சொன்னாள் என்றேன்.

அவள் வரும்போது தலையில் ஒரு சாக்கு மூட்டை. வழியெல்லாம் தண்ணீர் சொட்டிக்கொண்டு வந்தது. வரப்பில் இறக்கிப் பிரித்தாள். உள்ளே விதைநெல், ஒவ்வொரு மணியின் நுனியிலும் வெள்ளையாக முளை. விதைநெல் அப்படி முளைக்க வேண்டும் என்றால் தீபாவளிக்கு முன்னமே ஊறப் போட்டு, வடித்து, மூட்டம் போட்டிருக்க வேண்டும். நான் அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. புடவையை வரிந்து செருகிக்கொண்டு நாற்றங்காலுக்குள் இறங்கினாள், முளைநெல்லை மடியில் கொட்டிக்கொண்டாள், கடலுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்று முதல் பிடியை வீசினாள்.